இரத்தத்தில் ஏறும் பித்தம்

ஊரிலே ஆசிரியத் தொழில் புரிவோருக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பதோடு வேறு சில கடமைகளும் தாமாகவே வந்து சேர்வதுண்டு. கந்தோருக்கு மனு எழுதிக் கொடுத்தல், வங்கிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தல், ஆங்கிலத்தில் வந்த கடிதத்துக்குப் பொருள் கூறுதல் என்பன அவற்றுட் சில. அண்மைக் காலத்தில் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துச் சொல்லும் கடமையும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. "மாஸ்ரர், இந்த இலக்கத்துக்குப் பக்கத்தில ஒரு நட்சத்திரம் போட்டுக் கிடக்கு, என்னெண்டு ஒருக்காப் பாருங்கோ" என்று தாளை நீட்டுவோரின் முகத்தைப் பார்த்தாலே, அந்த நட்சத்திரம் அவ்வீட்டில் எத்தனை பேருடைய நித்திரையைக் கெடுத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

நாம் வைத்தியர் அல்லோம். நோயை நிர்ணயிப்பதும் மருந்து கொடுப்பதும் அத்துறையைக் கற்றவருக்கே உரியன. ஆயினும், ஓர் எண் எதனை அளக்கிறது, அது எக்காரணங்களாற் கூடும், எக்காரணங்களாற் குறையும் என்பவற்றை அறிந்து வைத்திருப்பது எந்த வீட்டுக்கும் நன்மையே. வீண் அச்சம் அதனால் நீங்கும். அஞ்சவேண்டிய இடத்தில் அலட்சியமும் நீங்கும். இவ்வாரம் இரத்தத்திலுள்ள பித்த அமிலம் என்னும் பொருளைப் பற்றிச் சிறிது ஆராய எண்ணுகிறோம். இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலோருக்கு இந்த எண் ஈரலின் நிலையைக் காட்டும் பல குறிகளுள் ஒன்று. ஆனால் கர்ப்பிணியொருத்திக்கோ அது வயிற்றிலுள்ள பிள்ளையின் உயிரோடு தொடர்புற்ற எண்ணாகவும் அமையக்கூடும்.

எந்தப் பித்தம்?

முதலிலே ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். பித்தம் என்ற சொல் நம் வீடுகளில் நாடோறும் வழங்குவது. தலை சுற்றினால் பித்தம், வாய் கசந்தால் பித்தம், காலையில் ஓங்காளித்தால் பித்தம், ஒருவர் முன்கோபியாயின் அவருக்கும் பித்தம் என்போம். சித்த, ஆயுர்வேத வைத்திய நூல்கள் வாதம், பித்தம், கபம் என்று வகுத்துக் கூறும் பித்தம் உடலின் இயல்பொன்றைக் குறிக்கும் பரந்த கருத்தாகும். அதனைக் குழாயில் எடுத்து அளக்க இயலாது. இரத்தப் பரிசோதனை அளப்பது வேறொன்றை. ஈரலிலே ஊறிப் பித்தப்பையிலே தங்கும் பச்சை மஞ்சள் நிறமான கசப்பு நீரில் உள்ள ஒரு வகை இரசாயனப் பொருளையே அது அளக்கிறது. ஆகவே, அறிக்கையில் பித்த அமிலம் கூடியிருக்கிறது என்று கண்டதும், "பித்த உடம்பு, தேசிக்காய் குடித்தாற் சரியாகிவிடும்" என்று முடிவு கட்டுதல் பொருந்தாது. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு.

இன்னொரு மயக்கமும் உண்டு. செங்கண்மாரி வந்தவரின் கண்ணை மஞ்சளாக்கும் பொருள் பிலிருபின் எனப்படும். அது ஆயுள் முடிந்து சிதைந்த செங்குருதிக் கலங்களிலிருந்து உண்டாவது. உடல் வெளியே தள்ளவேண்டிய கழிவு. பித்த அமிலமோ கழிவன்று. ஈரல் கொலஸ்திரோலை மூலப் பொருளாகக் கொண்டு வேலைக்கென்றே ஆக்கும் கருவி அது. இரண்டும் ஒரே பித்தநீரில் ஒரே வழியாகச் செல்வனவாயினும், ஒன்று கூடும்போது மற்றதும் கூடியே தீரவேண்டும் என்ற நியதி இல்லை. ஜில்பேட் நிலை எனப்படும் பரம்பரை இயல்புடையோருக்குப் பட்டினி கிடந்தாலோ காய்ச்சல் வந்தாலோ கண் சிறிது மஞ்சளாகும்; அவர்களுடைய பிலிருபின் கூடியிருக்கும்; பித்த அமிலமோ சாதாரண அளவிலேயே இருக்கும். மறுதலையாக, கண்ணிலே மஞ்சளின் சாயலே இல்லாதபோதும் பித்த அமிலம் பன்மடங்கு ஏறியிருத்தல் கூடும். கண் வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று ஆறுதல் அடைவதற்கில்லை.

பித்த அமிலங்களின் அமைப்பை ஆராய்ந்த ஜேர்மனிய இரசாயன அறிஞர் ஹைன்ரிக் வீலாந்துக்கு 1927ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டுப் பரிசு, கொலஸ்திரோல் முதலிய பொருள்களை ஆராய்ந்த அடோல்வ் வின்டவுசைச் சென்றடைந்தது. தாயும் சேயும் போன்ற இரு பொருள்களுக்கு அடுத்தடுத்துப் பரிசு கிடைத்ததைக் கொண்டே, அக்காலத்து அறிஞர் இவற்றை எவ்வளவு பெரிதாக மதித்தனர் என்பதை உணரலாம்.

துலாவும் பட்டையும்

சவர்க்காரமின்றி எண்ணெய்ச் சட்டியைக் கழுவிப் பார்த்தவருக்குத் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டா என்பது தெரியும். நாம் உண்ணும் தேங்காய்ப்பாலும் நெய்யும் மீன் கொழுப்பும் குடலிலே நீரோடு கலந்து சிறு துளிகளாகப் பிரிந்தாலன்றிச் சமிக்கமாட்டா. அவ்வாறு பிரிக்கும் சவர்க்காரமே பித்த அமிலம். கொழுப்பில் மட்டும் கரையும் ஏ, டி, ஈ, கே என்னும் விற்றமின்கள் உடலிற் சேர்வதற்கும் அதுவே துணை.

ஈரல் ஆக்கிய பித்த அமிலம் பித்தப்பையிலே செறிந்து காத்திருக்கிறது. நாம் உண்டதும், சிறப்பாகக் கொழுப்புணவை உண்டதும், பித்தப்பை சுருங்கி அதனைக் குடலுக்குள்ளே தள்ளுகிறது. வேலை முடிந்த பின்னர் அது மலத்தோடு போய்விடுவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியாகிய சுருட்குடல், வந்த பித்த அமிலத்தில் ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சியதை வாயினாளம் என்னும் இரத்தக் குழாய் நேரே ஈரலுக்குக் கொண்டு சேர்க்கிறது. ஈரற் கலங்கள் அதனை இரத்தத்திலிருந்து வாரியெடுத்து மறுபடியும் பித்தநீரிலே சேர்க்கின்றன.

முன்னாளில் யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் துலா மிதித்து நீர் இறைத்த காட்சியை முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். பட்டை ஒன்றுதான், அதுவே கிணற்றுக்குள் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்து பல பரப்புத் தோட்டத்தை நனைத்துவிடும். பித்த அமிலத்தின் கதையும் அத்தகையதே. உடலில் உள்ள மொத்தப் பித்த அமிலம் மூன்று கிராம் அளவுதான். அந்த மூன்று கிராமும் ஒரு நாளிற் பலமுறை குடலுக்கும் ஈரலுக்கும் இடையே சுற்றிவருவதாலேயே மூன்று வேளை உணவும் சமிக்கின்றது. மலத்தோடு கழியும் அரைக் கிராம் அளவை ஈரல் நாடோறும் புதிதாக ஆக்கி ஈடு செய்துவிடும்.

இந்தச் சுற்று ஒழுங்காக நடைபெறுமாயின், ஈரலின் பிடிக்குத் தப்பி உடலெங்கும் ஓடும் இரத்தத்திற் கலப்பது மிகச் சிறிதளவே. வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் அது பொதுவாக லீற்றருக்குப் பத்து மைக்ரோமோலுக்கு உட்பட்டிருக்கும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இவ்வெல்லை சிறிது வேறுபடும். சுற்றின் எந்த இடத்திற் பழுது நேர்ந்தாலும் அது இந்த எண்ணிலே தெரியவரும். எண் கூடியதற்குக் காரணம் தேடுவோர் செய்யவேண்டுவது இதுவே: துலா எந்த இடத்திலே தடைப்பட்டது என்று பார்த்தல்.

கூடுவதற்குரிய காரணங்கள்

முதற் காரணம் நோயே அன்று, சோறு. உண்டபின் பித்தப்பை சுருங்குவதால், ஈரலுக்கு வரும் பித்த அமிலம் திடீரெனப் பெருகுகிறது. நல்ல ஈரலும் அத்தனையையும் ஒரே மூச்சில் வாரியெடுக்க இயலாது. எனவே உணவுக்குப் பின் ஓரிரு மணித்தியாலங்களில் எடுத்த இரத்தத்தில் அளவு இரண்டு மூன்று மடங்காகவும் இருத்தல் கூடும். காலையில் இடியப்பமும் சொதியும் உண்டுவிட்டுச் சென்றவரின் எண்ணை, வெறுவயிற்றுக்குரிய எல்லையோடு ஒப்பிட்டு நட்சத்திரம் இட்டால் அது யாருடைய குற்றம்? ஆகவே, அறிக்கையைப் பார்க்கும்போது முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, இரத்தம் எடுத்தது உண்பதற்கு முன்னா பின்னா என்பதே.

இரண்டாவது, வாரியெடுக்கவேண்டிய ஈரற் கலங்கள் நலிந்திருத்தல். வைரஸினால் வரும் ஈரல் அழற்சி, மதுபானத்தால் விளையும் கேடு, ஈரலிற் கொழுப்புப் படிந்து அழற்சி உண்டாதல் ஆகியவற்றில் கலங்கள் தம் வேலையைச் சரிவரச் செய்யமாட்டா. நாட்பட்ட நோயினால் ஈரல் வடுப்பட்டு இறுகிவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். வாயினாளத்து இரத்தம் இறுகிய ஈரலினுள்ளே செல்ல வழியின்றிப் பக்கவழிகளை உண்டாக்கிக்கொண்டு ஈரலைச் சுற்றிப் போய்விடுகிறது. அதனோடு பித்த அமிலமும் உடலெங்கும் பரவும். வேறு பரிசோதனைகள் அதிக மாறுதலைக் காட்டாதபோதும் இந்த எண் உயர்ந்திருப்பதற்கு இது ஒரு காரணம். மிருக வைத்தியர்கள் நாய்க்குட்டிகளிற் பிறவியிலேயே அமைந்த இத்தகைய பக்கவழியைக் கண்டறிவதற்கு, உணவுக்கு முன்னும் இரண்டு மணித்தியாலம் பின்னும் பித்த அமிலத்தை அளந்து பார்ப்பது வழக்கம்.

மூன்றாவது, வெளியேறும் வழி அடைபடுதல். பித்தப்பைக் கல் நழுவிப் பித்தக் குழாயில் இறுகலாம். சதையியின் தலைப்பாகத்திற் கட்டி வளர்ந்து குழாயை நெரிக்கலாம். குழாய் வீங்கிச் சுருங்கலாம். ஈரலுக்குள்ளே மயிரிழை போன்றுள்ள சிறு குழாய்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே தவறாகத் தாக்கி அழிக்கும் நோயும் ஒன்று உண்டு. அது பெரும்பாலும் நடுவயதுப் பெண்களையே பற்றும். நாளாந்த அயர்வும் காரணம் புரியாத தோல் அரிப்பும் அதன் தொடக்கக் குறிகள். வழி அடைபட்டவருக்குச் சிறுநீர் கருந்தேநீர் நிறமாகவும் மலம் வெளிறியும் காணப்படலாம். விற்றமின் கே உடலிற் சேராமையால் சிறு காயத்திலும் இரத்தம் எளிதில் உறையாது போதலும் உண்டு.

நான்காவது, மருந்து. ஈரற் கலத்திலிருந்து பித்தநீருக்குள் பித்த அமிலத்தை இறைத்துவிடும் நுண்ணிய புரதப் பம்பிகள் உள்ளன. சில மருந்துகள் சிலருக்கு அவற்றைத் தடைசெய்யும். மனநோய்க்குக் கொடுக்கப்படும் குளோர்புரோமசின், ஈஸ்திரஜன் அடங்கிய கருத்தடை மாத்திரை, கோ-அமொக்சிக்கிளாவ் என்னும் நுண்ணுயிர்க் கொல்லி என்பன இவ்வகையில் நன்கறியப்பட்டவை. ஆதலால், வைத்தியரிடம் செல்லும்போது கடந்த சில வாரங்களில் உட்கொண்ட மருந்துகள் அனைத்தையும், நாட்டு மருந்தும் தூளும் லேகியமும் உட்பட, மறைக்காமற் சொல்லவேண்டும். அதற்காகத் தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவதும் தகாது.

ஐந்தாவது, பிறப்பிலேயே அமைந்த குறைபாடுகள். மேற்சொன்ன பம்பிகளுள் ஒன்று பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு ஈரல் சிறுவயதிலேயே கெடத் தொடங்கும். தாங்கமுடியாத அரிப்பு அதனை வாட்டும். சுருட்குடல் பித்த அமிலத்தை மீண்டும் உறிஞ்சுவதைத் தடுத்து அக்குழந்தைகளின் துன்பத்தைத் தணிக்கும் மருந்தொன்று 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. துலாவின் சுற்றை அறிந்ததன் பயன் அது.

இத்துணைக் காரணங்களுக்கிடையே தீங்கற்றவையும் உள. சில பித்தப்பைக் கற்களையும் ஈரல் நோய்களையும் முன்னிட்டுக் கொடுக்கப்படும் உர்சோடிஒக்சிகோலிக் அமிலம் தானே ஒரு பித்த அமிலம். அந்த மாத்திரையை உண்பவரின் இரத்தத்தில் மொத்த அளவு கூடியிருத்தல் வியப்பன்று. அன்றியும், இரத்தத்திலிருந்து பித்த அமிலத்தை ஈரற் கலத்துக்குள் அழைத்துச் செல்லும் வாயிற்புரதம் ஒன்று சிலருக்குப் பிறப்பிலேயே வேலை செய்வதில்லை. 2015இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட இக்குறைபாடு உடையவருக்கு எண் மலைபோல் உயர்ந்திருந்தும் அரிப்போ செங்கண்மாரியோ இல்லாதிருத்தல் கண்டு அறிஞர் வியந்தனர். ஈரல் அழற்சி பி என்னும் நோயின் வைரஸ் கலத்துக்குள் நுழைவதும் இந்த வாயிலினூடாகவே என்பது 2012இல் அறியப்பட்டது.

குறைவும் ஒரு செய்தியே. சுருட்குடல் நோயுற்றவருக்கும், அப்பகுதி சத்திரசிகிச்சையில் வெட்டியெடுக்கப்பட்டவருக்கும் பித்த அமிலம் திரும்பிச் சேராது. அது பெருங்குடலிற் புகுந்து நீர்த்த வயிற்றோட்டத்தை உண்டாக்கும். பித்த அமிலத்தை ஆக்கும் திறனே பிறவியிற் குறைவுபட்ட குழந்தைகளும் அரிதாக உள்ளனர். அவர்களின் ஈரல் நோயுற்றிருக்கும். எண்ணோ குறைவாக நிற்கும். எனவே, எண் கூடினால் நோய், கூடாவிட்டால் நலம் என்று நேர்க்கோடு கீறிவிட இயலாது.

பிள்ளைத்தாய்ச்சியின் அரிப்பு

இனி, நாம் தொடக்கத்திற் குறிப்பிட்ட கர்ப்பிணியின் நிலைக்கு வருவோம். கர்ப்ப காலத்தில் வயிறு கடித்தால், "பிள்ளைக்கு மயிர் முளைக்கிறது" என்று பாட்டிமார் சொல்லி எண்ணெய் தடவிவிடுவர். தோல் விரிவதால் வயிற்றிலே அரிப்பு உண்டாதல் சாதாரணமே. அதற்கு எண்ணெயும் நல்லதே. ஆனால் வேறொரு வகை அரிப்பு உண்டு. அது பெரும்பாலும் ஏழாம் மாதம் கடந்த பின் தொடங்கும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் முனைப்பாகத் தோன்றும். இரவிலே மிகும், படுத்தவரை எழுப்பிவிடும். தோலைப் பார்த்தாற் சொறிந்த கீறல்களன்றித் தடிப்போ பருவோ இராது. கர்ப்ப கால ஓமோன்களின் பெருக்கத்தால் ஈரலின் பித்தப் பம்பிகள் சோர்ந்து, பித்த அமிலம் தாயின் இரத்தத்திலே தேங்குவதன் அடையாளம் அது.

இந்நிலை எல்லா நாட்டிலும் ஒரே அளவிற் காணப்படுவதில்லை. தென் அமெரிக்காவின் சிலி தேசத்தில் 1970களில் நூறு கர்ப்பிணிகளுள் பத்துப் பேருக்கும் மேலாக இது காணப்பட்டது. இங்கிலாந்திலே ஆயிரத்துக்கு ஏழு என்பது பொதுக் கணக்கு. அங்கு வாழும் இந்திய, பாகிஸ்தானிய வழிவந்த பெண்களிடையே அது ஆயிரத்துக்குப் பன்னிரண்டு முதற் பதினைந்து வரை உயர்கிறது. தாய்க்கோ தமக்கைக்கோ இது வந்திருந்தாலும், இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்தாலும் வருதற்கு வாய்ப்பு மிகுதி. ஒருமுறை வந்தவருக்கு அடுத்த கர்ப்பத்திலும் வருதல் பெரும்பான்மை.

தாய்க்கு இது அரிப்பும் நித்திரையின்மையுமாகக் கழிந்து, பிள்ளை பிறந்த சில நாள்களில் நீங்கிவிடும். ஆபத்து பிள்ளைக்கே. பித்த அமிலம் மிகுந்த அளவில் நச்சுக்கொடியைக் கடந்து சென்று பிள்ளையின் இருதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். நன்றாக வளர்ந்த பிள்ளை, முன்னறிவித்தல் இன்றி, வயிற்றிலேயே இறந்துபோகும் துயரம் இதனால் நேர்வதுண்டு.

எத்தனை பேருக்கு நேரும்? இக்கேள்விக்கு 2019ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆராய்ச்சி தெளிவான விடை தந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய கர்ப்பிணிகளின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தனர். ஒற்றைப் பிள்ளையைச் சுமந்தோருள், பித்த அமிலம் 40 மைக்ரோமோலுக்குக் குறைந்தோரிடையே பிள்ளை வயிற்றில் இறந்தது நூற்றுக்கு 0.13 பங்கு; 40 முதல் 99 வரை இருந்தோரிடையே 0.28 பங்கு; நூறும் அதற்கு மேலும் ஏறியோரிடையே 3.44 பங்கு. அதாவது, முதலிரு வகுப்பாரின் நிலை ஏனைய கர்ப்பிணிகளின் நிலையைவிட மோசமானதன்று. நூறு என்ற எல்லையைக் கடந்தபோதோ ஆயிரத்துக்கு முப்பத்து நான்கு பிள்ளைகளை இழக்க நேர்ந்தது.

இக்கணக்கில் ஆறுதலும் எச்சரிக்கையும் ஒருங்கே உள்ளன. அரிப்புள்ள பெண்களுள் பெரும்பாலோர் முதலிரு வகுப்பையே சேர்ந்தவர். அவர்கள் நாளும் பொழுதும் அஞ்சி நடுங்கவேண்டியதில்லை. ஆனால் தாம் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்பது இரத்தத்தை அளந்தாலன்றித் தெரியாது. அரிப்பின் கடுமையை வைத்து அதனை ஊகிக்கவும் இயலாது. அன்றியும் இன்றைய எண் அடுத்த கிழமையும் அப்படியே இருக்கும் என்ற உறுதி இல்லை. அரிப்பு முன்னே தோன்றி, எண் சில வாரம் கழித்து உயர்வதும் உண்டு. முதற் பரிசோதனை சரியென்று வந்தபின்னும் அரிப்பு நீங்காவிடின் மறுபடியும் அளந்து பார்ப்பது அதனாலேயே.

பிரித்தானிய மகப்பேற்று வைத்தியர்களின் அரச கல்லூரி 2022இல் வெளியிட்ட வழிகாட்டல், கர்ப்பிணிகள் இப்பரிசோதனைக்குப் பட்டினி கிடக்கவேண்டியதில்லை என்ற அடிப்படையில் 19 மைக்ரோமோலை எல்லையாகக் கொள்கிறது. உண்டபின் ஏறும் உச்ச அளவே பிள்ளையைத் தாக்குவது என்பதால் அது பொருத்தமானதே. நூறைக் கடந்தவருக்கு 35, 36ஆம் வாரங்களிலேயே பிள்ளைப்பேற்றை நிகழ்த்துவதுபற்றி ஆலோசிக்கலாம் என்றும், 40க்கும் 99க்கும் இடைப்பட்டவருக்கு 38, 39ஆம் வாரங்களில் என்றும், அதனிலும் குறைந்தவருக்கு 40ஆம் வாரம் வரை காத்திருக்கலாம் என்றும் அது கூறுகிறது. எண்ணுக்கேற்ப நாள் குறிக்கப்படுகிறது. அளக்காது விட்டவருக்கு நாள் குறிப்பது எங்ஙனம்?

மாத்திரையால் இதனைத் தீர்த்துவிடலாமே என்று எண்ணுவோர் உண்டு. உர்சோடிஒக்சிகோலிக் அமிலம் இதற்கெனப் பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 605 கர்ப்பிணிகளிடையே அதனைச் சோதித்து 2019இல் வெளியிட்ட முடிவு, பிள்ளைகளுக்கு நேரும் தீங்கை அம்மாத்திரை குறைக்கவில்லை என்றும், அரிப்பும் சிறிதளவே தணிந்தது என்றும் காட்டியது. மாத்திரை தந்தாகிவிட்டது என்று பரிசோதனையைக் கைவிடலாகாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம்.

வெளிறிய மலம்

பிறந்த குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாது விடுவதற்கில்லை. பிறந்த சில நாள்களில் அநேகம் பிள்ளைகளுக்கு மேனி மஞ்சளாகித் தானே மாறிவிடும். ஆனால் இரண்டு கிழமை கடந்தும் மஞ்சள் மாறாது, மலமும் களிமண் போல் அல்லது சுண்ணாம்பு போல் வெளிறியிருக்குமாயின், அது வேறு கதை. பித்தக் குழாய்கள் அடைபட்டு அழியும் பிறவி நோயாக அது இருக்கக்கூடும். ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் மொறியோ கசாய் 1950களில் இதற்கென ஒரு சத்திரசிகிச்சையை வகுத்தார். குடலின் ஒரு பகுதியை மேலே இழுத்து ஈரலோடு பொருத்திப் பித்தநீர் வடிய வழி செய்தல் அதன் முறை. பிள்ளைக்கு அறுபது நாள் நிறையுமுன் செய்தால் அது பயனளிக்கும் வாய்ப்பு மிகுதி. நாட்செல்லச் செல்ல வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். தைவான் அரசாங்கம் 2004ஆம் ஆண்டு முதல், மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டையொன்றைப் பிள்ளை பிறந்த வீடுதோறும் கிடைக்கச் செய்தது. தாய்மார் தாமே ஒப்பிட்டுப் பார்த்து, நோயை நேரத்தோடு கண்டறிய அவ்வட்டை பெரிதும் உதவியது. விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் அதற்கு வேண்டியிருக்கவில்லை, கவனமே வேண்டியிருந்தது.

வீட்டார் செய்யத்தக்கன

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். பித்த அமிலத்தின் எண் தனித்து நின்று தீர்ப்புச் சொல்வதன்று. ஈரலின் நொதியங்கள், பிலிருபின், இரத்தம் உறையும் நேரம் என்பவற்றோடும், வேண்டுமாயின் வயிற்றின் ஒலியலைப் படத்தோடும் சேர்த்தே அதற்குப் பொருள் காணவேண்டும். நட்சத்திரக் குறியைக் கண்டவுடன் அதனைக் கைப்பேசியிற் படமெடுத்து உறவினர் பத்துப் பேருக்கு அனுப்பிப் பத்து நோயின் பெயர்களைப் பெற்றுக்கொள்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அறிக்கையோடு மூன்று செய்திகளை ஒரு தாளிலே குறித்து வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள்: இரத்தம் எடுத்த நேரமும் அதற்குமுன் உண்ட நேரமும், உட்கொண்ட மருந்துகள், அரிப்பு, சிறுநீரின் நிறம், மலத்தின் நிறம் ஆகியவற்றிற் கண்ட மாற்றம். நோயைக் கண்டால் அதன் காரணத்தையும் நாடவேண்டும் என்பது வள்ளுவர் மருந்து அதிகாரத்திற் கூறிய நெறி. காரணத்தை நாடும் வைத்தியருக்கு இத்தாள் பெரிதும் உதவும்.

செங்கண்மாரிக்குக் கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடிக்கும் வழக்கம் நம்மிடையே தொன்றுதொட்டு உள்ளது. அதனை நாம் இங்கே எடுத்துப் பேசுவது குறைகூறுதற்கன்று. கல் அடைத்த குழாயையோ, கட்டி நெரித்த குழாயையோ எந்த இலைச்சாறும் திறந்துவிடாது. குடித்துவிட்டுக் காத்திருக்கும் நாள்களே தீங்காக முடியும். காரணம் இன்னதென்று முதலில் அறியப்படட்டும். மற்றவற்றை அதன்பின் பேசிக்கொள்ளலாம்.

கர்ப்பிணிப் பெண்ணுள்ள வீட்டாருக்கோ நாம் சொல்ல விரும்புவது இன்னும் எளிது. "உள்ளங்கை கடிக்கிறது, இரவில் நித்திரை இல்லை" என்று அவள் சொன்னால், அதனைச் செல்லம் என்றோ, சூடு என்றோ தள்ளிவிடாதீர்கள். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் அன்றே சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திராமல் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பித்த அமிலத்தை அளக்கவேண்டுமா என்று கேளுங்கள். பிள்ளையின் அசைவு குறைந்ததாக அவள் உணர்ந்தால் எந்த நேரமாயினும் உடனே புறப்படுங்கள். பேறு முடிந்து ஒரு மாதம் கழித்து ஈரற் பரிசோதனையை மீண்டும் செய்வித்து, யாவும் சீரடைந்தனவா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். சீரடையாவிடின் அதற்கு வேறு காரணம் இருத்தல் வேண்டும். பின்னாளிற் கருத்தடை மாத்திரை கேட்கும்போதும், அடுத்த பிள்ளைக்குப் பதியச் செல்லும்போதும், முன்பு தனக்கு இவ்வாறு அரிப்பு வந்தது என்பதை அவள் மறவாது சொல்லவேண்டும். அதனைக் கர்ப்பிணிப் பதிவேட்டில் எழுதுவித்துப் பத்திரமாக வைத்திருத்தல் குடும்பத்தாரின் பொறுப்பு.